இரண்டு தோளில் இரண்டு தோல்

என்னைப் புதுச்சேரிக்கு அனுப்பியதற்கு ஒரே காரணம், எங்கள் கடையில் தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பது. கிள்ளானில் மேடம் லிம் நடத்தும் கைப்பைக் கடையில் பதினான்கு வருடமாக கவுன்ட்டரில் நின்று விற்கிறேன். முகர்ந்து பார்த்தால் ரெக்சினா தோலா என்று சொல்லிவிடுவேன். தோலைப் பற்றிய என் ஞானம் அதோடு சரி. வெளியூர் போய்ச் சரக்கு பார்ப்பது எப்போதும் மேடம்தான். இந்த முறை அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை.

மேடம் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "அங்கே ஓர் அண்ணனும் தங்கையும் சேர்ந்து பை செய்கிறார்கள். நல்ல கைவேலை. ஆனால் அண்ணன் ஒரு தோல் காட்டுகிறான், தங்கை வேறொரு தோல் காட்டுகிறாள். எனக்கு இருநூறு பை வேண்டும், எல்லாம் ஒரே தோலில். எது என்று நீ பார்த்துச் சொல். சரியாகச் சொன்னால் இனிமேல் வெளியூர் வேலை உனக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாப்பாடு போடுவார்கள். சாப்பிடு. ஆனால் முடிவெடுக்க வேண்டியது உன் வயிறு இல்லை" என்றும் சொன்னார். என்னைப் பதினான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

சென்னையிலிருந்து வந்த பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் என் தோளில் தலை வைத்து இரண்டு மணி நேரம் தூங்கினார். எழுந்ததும், "உங்களுக்குத் தூக்கம் வரலையாம்மா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

தங்கும் இடம் ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீட்டு மாடி அறை. ஆட்டோவில் ஏறி "சொல்தா பெர்னார் வீடு" என்று சொன்னால் போதும் என்றிருந்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இந்த ஊரில் சொல்தா என்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் ஒரே சாலையில் பலர் இருப்பார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"கார் வெச்சிருக்கற பெர்னாரா, நாய் வெச்சிருக்கற பெர்னாரா?" என்றார் ஆட்டோக்காரர்.

"தெரியலையே லா."

"நாய் கடிக்குமா?"

"அதை நான் எப்படிச் சொல்றது?"

முதலில் கார் வைத்திருக்கும் பெர்னார் வீட்டுக்குப் போனோம். அது வேறு பெர்னார். அவரும் விடாமல் இருவருக்கும் காபி கொடுத்துத்தான் அனுப்பினார். என் பெர்னாரிடம் காரும் இருந்தது, நாயும் இருந்தது. நாயின் பெயர் பிஜு. கடிக்கவில்லை. என் செருப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தது.

பெர்னாருக்கு எழுபது வயது இருக்கும். மேலே கஞ்சி போட்ட முழுக்கைச் சட்டை, கீழே அரைக்கால் டவுசர். "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் கேட்போம்.

அவர் நேர்மையாக யோசித்தார். "எனக்கு எப்பவும் ஆறுறதே இல்லம்மா. வா, நாஷ்டா பண்ணலாம்."

நீளமான பிரெஞ்சு ரொட்டியை நீளவாக்கில் பிளந்து, உள்ளே வடகறியை நிரப்பிக் கொடுத்தார். கிள்ளானில் நாங்கள் ரொட்டியைக் குழம்பில் தோய்ப்போம். இங்கே ரொட்டி குழம்பைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தது. கடித்த பிறகுதான் முழங்கை வரை ஒழுகியது.

கடை புஸ்ஸி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. ஒரே அறை, ஒரே மேசை. மேசையின் ஒரு முனையில் அண்ணன் அருள், மறுமுனையில் தங்கை லூர்து. இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது, ஒரே மூக்கு. நான் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் லூர்து சொன்னார்:

"அக்கா, அவருகிட்ட சொல்லுங்க, கத்திரிக்கோலு அவரு பக்கம் கீதுன்னு."

அவர் என்பவர் கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தார். "கத்திரிக்கோல் வேணுமாம்" என்றேன்.

"எதுக்குன்னு கேளுங்க மேடம்."

"எதுக்காம்?"

"வெட்டறதுக்குன்னு சொல்லுங்கக்கா."

எட்டு மாதமாக இருவரும் பேசிக்கொள்வதில்லை. யாராவது வாடிக்கையாளர் வந்தால் அவர் வழியாகப் பேசித் தேங்கிக் கிடக்கும் வேலைகளை முடித்துக்கொள்வார்கள். "என் தொட்டி நாறுதுன்னு கஸ்டமருங்க முன்னாடி சொல்லிட்டா மேடம்" என்றார் அருள். "நாறுச்சி, சொன்னேன்" என்றார் லூர்து, என்னைப் பார்த்து.

விஷயம் இதுதான். அருள் மரப்பட்டையில் தோல் பதனிடுகிறவர். உழவர்கரையில் கொட்டகை போட்டுத் தொட்டி கட்டி வைத்திருக்கிறார். லூர்துவுக்குக் குரோம் உப்பில் பதமிட்ட தோல்தான் தோல். ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வாங்கி வருகிறார். எங்கள் ஆர்டரில் எந்தத் தோல் ஜெயிக்கிறதோ, இனிக் கடையில் அது மட்டும்தான் என்று பங்குத்தந்தை முன்னிலையில் பேசி வைத்திருக்கிறார்கள். குரோம் ஜெயித்தால் அருள் தொட்டிகளை இடித்து அங்கே தையல் மெஷின் போட வேண்டும். பட்டை ஜெயித்தால் லூர்து ஜனவரியில் பிரான்சுக்குப் போய்விடுவார். அவர் கணவர் பிரெஞ்சு குடிமகன். நாத்தனார் அங்கே பை ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"அவரு பாஸ்போர்ட்டுதான்கா பிரெஞ்சு. வயிறு தயிர் சோறு. போகவே இஷ்டமில்ல."

கைப்பை பார்க்க வந்தவள் நான். இவர்களோ குடும்ப வழக்குக்கு நீதிபதி வந்ததுபோல் ஆளுக்கு ஒரு கண்ணாடிக் குவளையில் மோர் கொடுத்து முகத்தையே பார்த்தார்கள். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்: "ஆளுக்கு ஒரு பை கொடுங்க. அஞ்சு நாள் ரெண்டையும் மாட்டிக்கிட்டு ஊர் சுத்துறேன். எது தாங்குதுன்னு பார்ப்போம்."

இடது தோளில் அருளின் பழுப்புப் பை. சதுரமாக, விறைப்பாக, செய்தித்தாள் படிக்கும் பெரியவர் மாதிரி. வலது தோளில் லூர்துவின் சிவப்புப் பை. மெத்தென்று, எங்கே வைத்தாலும் அங்கே சாய்ந்துகொண்டது. பையை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால், காவடி எடுக்கப் புறப்பட்டு வழி தவறியவள் போல் இருந்தேன்.

மறுநாள் காலை பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். பெர்னார் மத்தியானம் ஆட்டுக்கறி ரகூ செய்வதாக இருந்தார். ரகூ என்பது உருளைக்கிழங்கு போட்ட ஒருவகைக் குழம்பு. அவர் கேட்டது வெங்காயம், தக்காளி. ஆனால் மீன் பகுதியைத் தாண்டாமல் காய்கறிக்குப் போக வழி கிடைக்கவில்லை. ஒரு மீன்கார அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த ஊரும்மா?"

"மலேசியா."

"அங்க சங்கரா கெடைக்குமா?"

"கிடைக்கும்."

"இந்த மாதிரி கெடைக்காது" என்று சொல்லி, நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்கும் முன் நாலு மீனை நாளிதழில் சுற்றி வலதுபக்கப் பைக்குள் இறக்கிவிட்டார். நாளிதழ் இரண்டு நிமிடம் தாங்கியது.

திரும்பி வரும்போது டெம்போவில் ஏறினேன். டெம்போ என்றால் இங்கே எதிரும் புதிருமாக ஆட்களை அடைத்துக்கொண்டு போகும் மூன்று சக்கர வண்டி. எதிரே இருந்த அம்மா இரண்டு பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இடதைக் காட்டி "லேப்டாப்பா?" என்றார். இல்லை என்றேன். மூக்கை உறிஞ்சிவிட்டு வலதைக் காட்டி "சங்கராவா?" என்றார். ஆமாம் என்றேன்.

லூர்துவின் பையை மாடிக் குழாயடியில் நாலு முறை அலசினேன். குரோம் தோலின் பெருமையை அன்று கண்டேன். தண்ணீருக்கு அது அசரவில்லை. நிறம் போகவில்லை, சுருங்கவில்லை. மீன் வாசனையும் போகவில்லை. அன்றிலிருந்து பிஜு என் செருப்பை விட்டுவிட்டு வலது தோளுக்குக் கீழேயே நடக்க ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் உழவர்கரைக் கொட்டகை. சிமென்ட் தொட்டிகள் மூன்று. உள்ளே தேநீர் நிறத்தில் தண்ணீர், அதற்குள் ஆட்டுத் தோல்கள்.

"ஆவாரம் பட்டை மேடம்" என்றார் அருள். "மொதல்ல லைட்டா இருக்கற தொட்டியில போடணும். அப்பறம் கொஞ்சம் ஸ்ட்ராங்கு, அப்பறம் இன்னும் ஸ்ட்ராங்கு. எடுத்த எடுப்புல ஸ்ட்ராங்குல போட்டா மேல்தோலு மட்டும் குடிச்சிட்டு வாய மூடிக்கும். உள்ள இறங்காது."

"எவ்வளவு நாள்?"

"மாசக் கணக்குதான். கடைசியா கடுக்கா." ஒரு கடுக்காய்த் துண்டை என் கையில் வைத்தார். "கடிச்சிப் பாருங்க."

கடித்தேன். நாக்கு, கன்னம், ஈறு எல்லாம் ஒரே இழுப்பில் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கால் மணி நேரம் "ம்" என்பதைத் தவிர வேறு எழுத்து வரவில்லை. "அந்தத் துவர்ப்புதான் மேடம் தோலப் பதப்படுத்துது. இப்ப உங்க நாக்கு அழுகாது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

நான் பேச முடியாத நேரம் பார்த்து, கூடவே வந்திருந்த லூர்து தன் பக்கத்தைச் சொன்னார். குரோமில் பெரிய மர உருளைக்குள் தோலையும் குரோம் உப்பையும் போட்டுச் சுற்றுவார்களாம். ஒரே நாள். வெளியே வரும்போது தோல் இளநீலமாக இருக்கும். பையிலிருந்து அப்படி ஒரு துண்டை எடுத்துக் காட்டினார், பள்ளிக்கூடச் சட்டை நீலம். அதற்குப் பிறகு எந்தச் சாயமும் ஏற்றலாம். "கழிவுத் தண்ணியச் சும்மா வெளிய உட்டா ஊரே கெட்டுடும்கா. அதனால தண்ணியச் சுத்தம் பண்ற எடத்துலதான் நான் வாங்கறது. அத அவருகிட்டயும் சொல்லுங்க, எப்பப் பாரு வெஷம் வெஷம்ன்றாரு."

என்னால் யாரிடமும் எதையும் சொல்ல முடியவில்லை. "ம்" என்றேன்.

அடுத்தது வெந்நீர்ச் சோதனை. லூர்துவின் யோசனை. இரண்டு தோலிலும் விரல் நீளத்துக்கு ஒவ்வொரு துண்டு வெட்டி, கொதிக்கும் பாத்திரத்தில் போட்டார். மூன்று நிமிடம். மூவரும் தலையை நீட்டி, உலை வைத்த வீட்டில் விருந்தாளி மாதிரி காத்திருந்தோம். லூர்துவின் துண்டு போனது போலவே வெளியே வந்தது. அருளின் துண்டு பாதியாகக் குறுகி, முறுக்கிக்கொண்டு, வற்றல் மாதிரி கல்லாகிவிட்டது.

லூர்து அந்த வற்றலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார், அவ்வளவுதான்.

"பையக் கொழம்புல போட்டா எடுத்துட்டுப் போறாங்க?" என்றார் அருள். பிறகு எழுந்து போய் ஒரு சோடா மூடியைக் கொண்டுவந்தார். ஈரத் துணியால் இரண்டு தோலையும் நனைத்து, மூடியை வைத்து அழுத்தி எடுத்தார். பட்டைத் தோலில் மூடியின் பற்கள் பதிந்து அப்படியே நின்றன. குரோம் தோலில் பதிந்தது கண் முன்னாலேயே மெல்ல எழும்பி மறைந்துவிட்டது.

"சொன்னத ஞாபகம் வெச்சிக்கற தோலு என்னுது" என்றார் அருள்.

"எட்டு மாசமா ஞாபகம் வெச்சிக்கற ஆளுக்கு ஏத்த தோலு" என்றார் லூர்து. இரண்டையும் கூரையைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

நடந்ததை எல்லாம் அன்று மாலை பெர்னாரிடம் சொன்னது என் தப்பு. அவர் இந்தப் போட்டியில் தானும் கலந்துகொள்வதென்று முடிவு செய்துவிட்டார். நாலாம் நாள் காலை, பீரோவிலிருந்து ஒரு ஜோடி வெள்ளைத் தோல் கையுறையை எடுத்துவந்தார். கல்யாணத்துக்காக பிரான்சின் மார்செய் நகரில் வாங்கியது. "இது படிகாரத்துல பண்ணது. பால் மாதிரி வெள்ளை, பட்டையும் இல்ல, குரோமும் இல்ல. ராஜாக்கள் போட்டுக்கற தோலு" என்றார். நான் தடுப்பதற்குள் வலதுகைக் கையுறையை வாளித் தண்ணீரில் முக்கி, நன்றாகப் பிழிந்து, வெயிலில் போட்டார்.

படிகாரத்தில் பதமிட்ட தோலுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, படிகாரம் கரைந்து தோல் பழையபடி பச்சைத் தோலாகிவிடும் என்பது பதினொரு மணிக்குத் தெரிந்தது. கையுறை ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு அட்டை மாதிரி நின்றது. பெர்னார் அதைச் சுவரில் சாய்த்து வைத்து, கொஞ்ச நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு பிரான்சில் மகளோடு இருக்கும் மனைவிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பிரெஞ்சில் நீளமாக ஏதோ வந்தது.

"என்ன சொல்றாங்க?" என்று பயந்துபோய்க் கேட்டேன்.

"சனியன் ஒழிஞ்சதுன்றா. கல்யாணத்தன்னிக்கு என்னால இதக் கழட்டவும் முடியல, மோதிரத்த மாட்டவும் முடியல. பாதிரியாரு சிரிச்சிட்டாராம்." ஃபோனை மூடிவிட்டு, "இன்னொண்ணும் இருக்குது" என்று கார் துடைக்கும் மஞ்சள் தோலை எடுக்கப் போனார். ஷமுவா என்று பெயர், மீன் எண்ணெயில் பதமிட்டது, எவ்வளவு நனைந்தாலும் மெத்தென்றே இருக்கும் என்றார். வைத்த இடத்தில் அது இல்லை. மீன் என்ற சொல்லுக்கு முன்பே பிஜு அதைக் கண்டுபிடித்துக் கட்டிலுக்கடியில் பாதி தின்றிருந்தது. தோல் பதமிடும் நாலு முறையில் நாய்க்குப் பிடித்தது எது என்பது மட்டும் அன்று தீர்மானமானது.

சாயங்காலம் அருள் தனியாக வந்தார். கையில் தூக்குச் சட்டி. சுறாப்புட்டு. மேடம் எச்சரித்த லஞ்சம் வந்துவிட்டது என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, முதலில் சாப்பிட்டேன். அவர் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"மேடம், அவளோடதையே எடுத்துக்குங்க" என்றார்.

"உங்க தொட்டி?"

"தொட்டி கெடக்குது. சிமென்ட்டுதானே." சட்டியின் மூடியைத் திருகித் திருகி மூடினார். "அவ போயிட்டா கடைக்கு வர்றவங்ககிட்ட யாரு பேசறது? எனக்கு யாருகிட்டயும் பேச வராது. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

தான் தோற்க வேண்டுமென்று அண்ணனே லஞ்சம் கொடுக்கிறார். இதற்கு மேடம் எந்த அறிவுரையும் தந்து அனுப்பவில்லை.

ஐந்தாம் நாள், குழப்பத்தில் கடற்கரைச் சாலையில் இரண்டு பையோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு இரண்டுமே பிடித்திருந்தது. பழுப்புப் பை நாலு நாளில் என் கைபட்டு லேசாக மினுக்க ஆரம்பித்திருந்தது. நகக்கீறல் விழுந்தால் கட்டைவிரலால் தேய்த்தால் போய்விடும். சிவப்புப் பை கனமே தெரியாமல் இடுப்போடு ஒட்டிக் கிடந்தது, ஆனால் நாலு நாளில் அதன் வடிவம் தலையணைக்கு அருகில் வந்துவிட்டது. முடிவெடுக்க முடியாமல் சுண்டல் வாங்கினேன். சுண்டல் கைக்கு வந்ததும் மழை வந்தது.

கிள்ளான் மழைக்குப் பழகியவள்தான். எங்கள் மழை நேராக வரும். இது கடலிலிருந்து படுக்கைவாட்டில் வந்தது. ஓடி, கிடைத்த டெம்போவில் தொற்றி ஏறினேன். ஓட்டுநருக்கும் எங்களுக்கும் நடுவே துருப்பிடித்த கம்பி வலை. அதற்கும் எனக்கும் நடுவே நனைந்த பழுப்புப் பை. தெருவில் தண்ணீர் தேங்கி வண்டி நகரவில்லை. முக்கால் மணி நேரம், ஆறு பேரின் எடையும் அந்தப் பையை வலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது.

இறங்கிப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பையின் ஒரு பக்கம் முழுக்க, கம்பி வலை அப்படியே கறுப்பாகப் பதிந்திருந்தது. சாய்சதுரம் சாய்சதுரமாக, மை ஊற்றி வரைந்தது போல. சோப்புப் போட்டேன், எலுமிச்சை தேய்க்கப் போனேன். பெர்னார்தான் கையைப் பிடித்துத் தடுத்தார். கையுறைக்குப் பிறகு அவர் எதையும் கழுவ விடுவதில்லை.

மறுநாள் காலை ரொட்டி வாங்க அவரோடு பேக்கரிக்குப் போனேன். வேறு வழியில்லாமல் அதே இரண்டு பை. ரொட்டிக்காரர் முதலில் கேட்டார்: "அந்தக் கட்டம் போட்ட பை எங்கம்மா வாங்கின?" வாசலில் ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். எங்களுக்குப் பின்னால் நின்ற இரண்டு பிரெஞ்சுக்காரப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதைப் பெர்னார் குனிந்து மொழிபெயர்த்தார்: "அந்தக் கறுப்புக் கோலம் ரொம்ப அழகாம். எங்க கெடைக்கும்ன்றாங்க. உன் செருப்பு நல்லால்லையாம்."

பதினான்கு வருடம் கவுன்ட்டரில் நின்றவளுக்கு ஒரு விஷயம் தெரியும். வாங்கப் போகிறவர் கண் ஒரு பொருளில் நிற்கும் விதமே வேறு. நாலு நாள் நான் தூக்கித் திரிந்தபோது யாருடைய கண்ணும் நிற்கவில்லை. இப்போது நிற்கிறது. அங்கேயே நின்று மேடத்துக்கு வீடியோவில் அழைத்தேன். முழங்காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு, அவர் பழுப்புப் பையை நெடுநேரம் பார்த்தார்.

"இது யார் வரைந்தது?"

"டெம்போ" என்றேன்.

"என்ன வயது இருக்கும் அவருக்கு?"

"மேடம், டெம்போ என்பது—"

"அவரை விட்டுவிடாதே. இருநூறு பையிலும் அவர் கைபட வேண்டும்" என்றார் மேடம். செவிலிப் பெண் வந்து ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

இந்த நிலைமையில்தான் கடைக்குள் நுழைந்தேன். மேசைமேல் பையை வைத்ததும் அருள் முகம் சுருங்கிப் போனது. "இரும்பு பட்டுடுச்சா? குடுங்க மேடம், உள்ள வெச்சிடறேன். யாரும் பாக்க வேணாம்."

"மேடத்துக்கு இதுதான் வேணுமாம். இருநூறு. இதே கறுப்போட."

"நூறு எரும ஏறுன மாதிரி கீது, இத எப்டி மேடம் திரும்ப வர வெக்கறது? மழைக்கி ஆர்டர் குடுக்க முடியுமா?"

லூர்து பையைத் தன் பக்கம் இழுத்துக் கட்டத்தின் மேல் விரலை ஓட்டினார். மேசையின் மறுமுனையை நேராகப் பார்த்தார்.

"துணியில வரையற கலம்காரி கிளாஸ் போனேனே, அதுல கறுப்பு எப்டி எடுப்பாங்கன்னு நெனைக்கற? கடுக்கா ஊறுன துணி, வெல்லத் தண்ணியில துருப்புடிச்ச இரும்ப ஊற வெச்ச தண்ணி. ரெண்டும் சேந்தா கறுப்பு. உன் தோலு பூரா கடுக்காதானே."

"அது அழுக்கு" என்றார் அருள். அவரும் நேராகத்தான் சொன்னார்.

"டிசைன்."

"அழுக்குடி."

"மீன் கடையில போட்டா நாறும், மழையில போட்டா கறுக்கும், வேற என்னதான் தெரியும் உங்க ரெண்டு தோலுக்கும்" என்று சமாதானமாக நான் ஏதோ சொல்ல வந்தேன். இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பி, "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார்கள். என் தூது வேலை போய்விட்டது என்று புரிந்தது. மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

அதன்பின் ஒரு மணி நேரம் அவர்கள் போட்ட சண்டையை எழுத இடம் போதாது. எட்டு மாதத்துச் சண்டை. தொட்டியின் நாற்றத்தில் ஆரம்பித்து, யாரோ தொலைத்த குத்தூசி வரை போய், எத்தனை நாள் வெல்லத்தை ஊற வைப்பது என்பதில் வந்து நின்றது. நடுவில் ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்துவிட்டு, பயந்துபோய்ப் பர்ஸ் வாங்காமல் திரும்பினார். குரோம் தோல் இந்தக் கறுப்பை வாங்காது என்பதை லூர்து தானே சொன்னார், பல் பிடுங்கியவர் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "உள்பைக்கு என்னுதுதான் போடணும், மெத்துனு இருக்கும்" என்றார். அதற்கு அருள் மறுப்புச் சொல்லவில்லை.

மத்தியானம் பெரிய மார்க்கெட் பக்கத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போய் அருள் ஒரு துண்டுக் கம்பி வலை வாங்கிவந்தார். சோதனைக்கு ஒரு தோலை நனைத்து மேசையில் விரித்தார். எனக்குச் சென்னைப் பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் எழ மனம் வரவில்லை.

லூர்து போனில் கணவரிடம் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தார். "டிக்கெட்டத் தள்ளிப் போடச் சொல்லிட்டேன். அவரு சிரிக்கறாரு."

அருள் தோலை இழுத்துச் சரிசெய்தார். "எது வரைக்கும்?"

"நீ இத நேரா வெக்கக் கத்துக்கற வரைக்கும்."

அருள் வலையை இரண்டு கையாலும் எடுத்தார். தோலின் ஓரத்தோடு ஒருமுறை சரியாகப் பொருத்திப் பார்த்தார். பிறகு அதைக் கொஞ்சம் திருப்பி, கோணலாக வைத்து அழுத்தினார்.

"கோணலா வெக்கற" என்றார் லூர்து.

"தெரியும்" என்றார் அருள்.